பிரிக்பீல்ட்ஸில் ஒரு மார்கழி

கோலாலம்பூர்க்காரனுக்குக் குளிர் வேண்டுமென்றால் கேமரன் மலைக்குத்தான் ஓட வேண்டும். டோல், எண்ணெய், ஓட்டல் என்று பர்ஸ் இளைத்துவிடும். என் காருக்கு அந்தச் செலவே இல்லை. நட்டநடுப் பகலில், துன் சம்பந்தன் சாலை சிக்னலில் நின்றபடியே அது மார்கழி மாதத்தை அனுபவித்துக்கொண்டிருந்தது.

கார் புரோட்டோன் வீரா. 1993இல் சந்தைக்கு வந்த ரகம், மிட்சுபிஷி லான்சரின் மலேசியத் தம்பி. கொஞ்ச நாளாகச் சிக்னலில் நின்றால் உடம்பெல்லாம் உதறல். கிளம்பினால் பின்னால் கரும்புகை. வயசான வண்டி, கம்பெனியைக் குறை சொல்லி என்ன ஆகப்போகிறது?

"என்னங்க, பெட்ரோல் வாடை அடிக்குது" என்றாள் மனைவி.

வீட்டுத் தலைவன் என்ற முறையில் நான் மீட்டரைக் காட்டினேன். "பாரு, சூட்டு முள்ளு நடுவுல நிக்குது. செக் எஞ்சின் லைட்டும் எரியல. காரே நல்லா இருக்கேன்னு சொல்லுது, உனக்கென்ன?"

"முள்ளுக்கு மூக்கு இருக்கா?"

கிள்ளான் காப்பார் சாலையில் எங்களுக்கு ஒரு போமன் தம்பி உண்டு. விவரத்தைக் கேட்டுவிட்டு, என் முள்ளை அவரும் மதிக்கவில்லை. "அண்ணே, மீட்டருக்கு ஒரு சென்சார், கம்ப்யூட்டருக்கு ஒரு சென்சார். ஒத்த வயர் மீட்டருக்குப் போவுது, ரெட்டை வயர் கம்ப்யூட்டருக்கு. முள்ளு சரியா காட்டினாலும் கம்ப்யூட்டர் காதுல வேற யாரோ ஓதிக்கிட்டு இருக்கலாம்."

விஷயம் இதுதான். கூலன்ட் தண்ணீரில் மூழ்கியிருக்கும் அந்தக் கம்ப்யூட்டர் சென்சாருக்குச் சூடு ஏற ஏற மின்தடை குறைய வேண்டும். 20 டிகிரியில் 2,100 முதல் 2,700 ஓம் வரை. 80 டிகிரியில் சுமார் 300 ஓம். இதைப் பார்த்துத்தான் கம்ப்யூட்டர் பெட்ரோலை அளந்து ஊற்றுகிறது. எஞ்சின் குளிர்ந்திருக்கிறது என்று சொன்னால், 'ஐயோ பாவம்' என்று இன்னும் ரெண்டு கரண்டி.

கழற்றி, சுடுதண்ணீரில் போட்டு, மல்ட்டிமீட்டர் வைத்துப் பார்க்கச் சொன்னார் தம்பி. என்னிடம் மல்ட்டிமீட்டர் உண்டு. டிவி ரிமோட் பேட்டரியைப் பரிசோதிப்பதில் அதற்கு நீண்ட அனுபவம். எஞ்சின் ஆறிய பிறகு சென்சாரைக் கழற்றி, சட்டைக் கைக்குள் கொஞ்சம் கூலன்ட்டையும் வாங்கிக்கொண்டு அடுப்படிக்குள் நுழைந்தேன்.

"அது ரசக் குண்டான்."

பழைய மைலோ டின் கிடைத்தது. தண்ணீர் 80 டிகிரியைத் தொட்டபோது மீட்டர் காட்டியது 2,400. கொதிக்கப் போகும் தண்ணீருக்குள் உட்கார்ந்துகொண்டு 20 டிகிரி என்று சாதித்தது அந்தக் கட்டைவிரல் சாமான். சுத்தமான கேமரன் மலைக் காற்று! 'புடி95' திட்டத்தில் லிட்டர் 1.99 வெள்ளிக்கு, மாதம் 300 லிட்டர் வரை அரசாங்கம் கொடுத்த சலுகையில் என் கார் குளிர்காய்ந்திருக்கிறது.

சென்சாரைத் திரும்ப மாட்டி, கூலன்ட்டை நிரப்பிக்கொண்டு காரைக் கிள்ளானுக்கு விட்டேன். ஜப்பானிலிருந்து பாதியாக வெட்டிக் கொண்டுவரும் லான்சர்களை விற்கும் ஹாஃப்கட் கடையில் மலிவாகக் கிடைக்குமே என்று என் சிக்கன மூளை வேலை செய்தது. "பழசைக் கழட்டிட்டுப் பழசையே போடுறதா?" என்று தம்பி என்னைப் பார்த்த பார்வையில் புதுசே வாங்கினேன். மரைக்குச் சீலன்ட் தடவிப் பூட்டி, கூலன்ட் ஊற்றி, உள்ளே சிக்கிய காற்றை வெளியேற்றியதும் வீரா பூனைபோல் அடங்கியது.

"அப்புறம் ஏன் தம்பி லைட்டு எரியல?" என் கௌரவத்துக்கு இந்தக் கேள்வி மிச்சமிருந்தது.

"வயர் அறுந்திருந்தா கம்ப்யூட்டர் கண்டுபிடிச்சிருக்கும். லைட்டைப் போட்டுட்டு, எஞ்சின் சூடா இருக்குன்னு அதுவே வச்சுக்கிட்டுச் சமாளிக்கும். இது 20 டிகிரின்னு நம்புற மாதிரி ஒரு கணக்கைச் சொல்லிக்கிட்டே இருந்துச்சு. லைட்டு எரியலைன்னா ஒண்ணுமில்லைன்னு அர்த்தமில்லண்ணே."

இந்தக் கடைசி வரியை அவர் மெதுவாகச் சொல்லியிருக்கலாம். பக்கத்திலிருந்த மனைவி பிடித்துக்கொண்டாள். "கேட்டுக்கிட்டீங்களா? சுகர் டெஸ்ட் எடுக்கச் சொன்னா, 'நல்லாத்தானே நடமாடுறேன்'ங்கிறீங்க."

அடுத்த வாரம் கிளினிக்கில் எனக்கு நம்பர் எடுத்தாயிற்று. வெறும் வயிற்றில் வர வேண்டுமாம். அதுவரை ஜிலேபியைக் கண்ணில் காட்டக் கூடாது என்று வீட்டுக் கம்ப்யூட்டர் உத்தரவு.