மரை கழண்டவன் பட்டறை

எங்கள் வீட்டுப் பத்தாயப்புரை நெல்லைப் பார்த்து 30 வருடம் ஆகிறது. தாத்தா இருந்தவரை கன்னிப்பூவும் கும்பப்பூவும் வந்து நிறைந்த அறை. இப்போது அங்கே 300 கிலோ எடையில் ஒரு பழைய லேத் உட்கார்ந்திருக்கிறது. கடற்கரைப் பக்கம் படகு இன்ஜின் பழுது பார்த்த பட்டறை ஒன்றை மூடும்போது வாங்கியது. தென்னந்தடிகளை அடியில் போட்டு ஆறு பேர் உருட்டிக்கொண்டு வந்தபோது தெருவே கூடிவிட்டது. மாவு மில் வைக்கப் போகிறேன் என்று நினைத்து, கிலோவுக்கு அரைப்புக் கூலி எவ்வளவு என்று எதிர்வீட்டு அக்கா அப்போதே கேட்டார்.

"மில்லு இல்லக்கா. சின்னதா ஒரு நீராவி இன்ஜின் செய்யப் போறேன்."

"அது என்னத்த அரைக்கும்?"

"ஒண்ணையும் அரைக்காது. சும்மா ஓடும்."

அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு என் மனைவியைப் பார்த்தார். அந்த இரண்டாவது பார்வையில்தான் இரக்கம் இருந்தது. பொழுது சாய்வதற்குள் எனக்குப் பெயர் வைத்தாகிவிட்டது: மரை கழண்டவன்.

என் பக்க நியாயத்தையும் கேட்க வேண்டும். 1979இல் கன்னியாகுமரிப் பாதை திறக்கும்வரை எங்கள் மாவட்டத்துக்கு ரயிலே கிடையாது. எனக்கு அப்போது 13 வயது. அதற்கு முன்னால் ரயில் பார்க்க ஆசைப்பட்டால் திருநெல்வேலிக்கோ திருவனந்தபுரத்துக்கோ பஸ் ஏற வேண்டும். ரயில் பார்ப்பதற்காகப் பஸ் டிக்கெட் எடுத்துத் தரும் தகப்பன் நாஞ்சில் நாட்டில் இன்னும் பிறக்கவில்லை. அந்தப் பசி உள்ளேயே கிடந்தது. கல்யாணமான புதிதில் ஊட்டிக்குப் போனோம். மேட்டுப்பாளையத்தில் அந்தப் பல்சக்கர இன்ஜின் நிற்கிறது. நாலு சிலிண்டர், இரண்டு சாதாரணச் சக்கரங்களுக்கு, இரண்டு நடுவிலே பல்லைப் பிடித்து மலை ஏற. பாதை 1899இல் குன்னூர் வரைக்கும், 1908இல் ஊட்டி வரைக்கும் வந்தது. 36 படச் சுருளில் 31 படம் இன்ஜின். மீதி ஐந்தில் என் மனைவி இருக்கிறாள். அதில் மூன்றில் அவள் பிஸ்டன் ராடை மறைத்துக்கொண்டு நிற்பதாக நான் குறைப்பட்டேன் என்று இன்றுவரை சொல்கிறாள். எனக்கு நினைவில்லை. ஆனால் படத்தைப் பார்த்தால் மறைத்துக்கொண்டுதான் நிற்கிறாள்.

பிறகு 33 வருடம் வங்கியில் கணக்கெழுதினேன். 10 பைசா இடித்தாலும் ராத்திரி பத்து மணிவரை உட்கார்ந்து தேடுகிற உத்தியோகம். மைக்ரோமீட்டரைக் கையில் எடுத்ததும் பழைய நாற்காலிக்குத் திரும்பியதுபோல இருந்தது.

முதல் எதிரி துரு. எங்களூருக்கு மழை இரண்டு தடவை. ஆனி ஆடியில் மேற்கிலிருந்து சாரல், ஐப்பசி கார்த்திகையில் கிழக்கிலிருந்து அடைமழை. இரண்டுக்கும் இடைப்பட்ட நாளில் உப்புக் காற்று. வெள்ளிபோல மினுக்கி வைத்த இரும்பு உருளையை ஒரு சனிக்கிழமை வெறுங்கையால் எடுத்துப் பார்த்துவிட்டு வைத்தேன். அடுத்த சனிக்கிழமை அதில் என் விரல்ரேகை செந்துருவில் அச்சாகியிருந்தது. பழைய ஃபிட்டர்கள் கருவிப்பெட்டியில் ஒரு கட்டி சூடம் போட்டு வைப்பார்கள் என்று கேள்விப்பட்டு, பூஜை அறையிலிருந்து நாலு கட்டி எடுத்துப் போட்டேன். துருவுக்கு அது கேட்டதா என்று கேட்காதீர்கள். வெர்னியரை வெளியே எடுத்தபோதெல்லாம் சுசீந்திரம் கோயில் மூலஸ்தானத்தில் நிற்கிற மாதிரி இருந்தது. உண்மையில் கேட்பது, வேலை முடிந்ததும் எண்ணெய்த் துணியால் ஒரு துடைப்புதான்.

இப்படித்தான் அடுக்களைக்கும் பட்டறைக்கும் நடுவே போக்குவரத்து தொடங்கியது. இரும்பில் மரை போட எண்ணெய் வேண்டும். அதற்குத் தேங்காய் எண்ணெய் நன்றாகவே போகும். மார்கழிக் காலையில் உறைந்துவிடும், வெயிலில் வைத்து எடுக்க வேண்டும். வேலை முடிந்ததும் துடைக்காவிட்டால் பிசினாகிவிடும், எறும்பும் வரும். அலுமினியத்துக்கு மண்ணெண்ணெய். பித்தளைக்கும் வார்ப்பிரும்புக்கும் ஒன்றும் வேண்டாம், காய்ந்தபடியே வெட்டலாம். செம்புக்குப் பால் நல்லது என்று ஒரு லேத்காரர் சொன்னார். மனைவியிடம் ஒரு டம்ளர் கேட்டேன்.

"சாயாவுக்கே பால் இல்ல. செம்புக்கென்ன, பிரதோஷமா இன்னைக்கு?" என்றாள்.

பால் கிடைத்தது. செம்பு வெண்ணெயாக வெட்டுப்பட்டது. ஆனால் லேத்தைக் கழுவ மறந்துபோனேன். மறுநாள் காலையில் பத்தாயப்புரைப் பக்கம் யாரும் போகவில்லை, பூனையைத் தவிர.

பெரிய கொள்ளை படிகாரம். பித்தளைச் சிலிண்டர் ஒன்றில் எட்டு ஓட்டை போட்டு மரை எடுத்துக்கொண்டிருந்தேன். மரை வெட்டும் டாப்பை அரைச் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே திருப்ப வேண்டும். அப்போதுதான் உள்ளே சீவல் அறுந்து வழிவிடும். ஏழு ஓட்டைக்கு அப்படிச் செய்தேன். எட்டாவதில், முடியப்போகிறதே என்ற சந்தோஷத்தில் முன்னே மட்டும் திருப்பினேன். டிக். டாப் முறிந்து உள்ளே தங்கிவிட்டது. மூன்று வார வேலை. வேறு யாராக இருந்தாலும் சிலிண்டரைத் தென்னந்தோப்புக்குள் எறிந்திருப்பார்கள். நான் வாசலில் கண்ணேறுக்குத் தொங்கிய படிகாரக் கட்டியை அவிழ்த்தேன். மண்சட்டியில் தண்ணீர் விட்டு, படிகாரத்தைக் கரைத்து, சிலிண்டரை மூழ்கப் போட்டுக் கொதி அடங்காமல் வைத்தேன். படிகாரத் தண்ணீர் இரும்பைத் தின்னும், பித்தளையை விட்டுவைக்கும். ஓட்டையிலிருந்து சின்னச் சின்னக் குமிழியாக வந்துகொண்டே இருந்தது. மறுநாள் ஊசியால் குத்தினால் டாப் கறுப்புச் சேறாக வெளியே வந்தது. மரைக்கு ஒரு கீறல் இல்லை. அந்த ஆனந்தத்தை மனைவியிடம் பகிர்ந்துகொண்டதுதான் தப்பு. வாசலில் படிகாரம் இல்லாத அந்த ஒரு ராத்திரியில் வீட்டுக்கு வந்த கண்ணேறுதான் இன்றைக்கும் எல்லாவற்றுக்கும் காரணம். அவளுடைய மூட்டுவலி உட்பட.

லேத்தில் வேலையைக் கவ்விப் பிடிக்கிற சக்கின் சாவியைப் பற்றி ஒரே வார்த்தை. சாவி சக்கில் இருக்கும்போது கை சாவியைவிட்டு வரக்கூடாது. நான் ஒருமுறை சாவியை அதிலேயே விட்டுவிட்டு சுவிட்சைப் போட்டேன். கூரையில் ஓடு ஒன்று போயிற்று. தலையில் ஓடு போகாதது தாத்தா செய்த புண்ணியம். அந்த ஓட்டை வழியாக ஆடிச் சாரல் நேராக லேத்தின் மேல் இறங்கியது. மேலே சொன்ன துருவை மறுபடி வாசித்துக்கொள்ளவும். தோளில் துவர்த்து போட்டுக்கொண்டு லேத் பக்கம் போகவே கூடாது. நாகர்கோவில்காரனுக்குத் துவர்த்து இல்லாமல் தோள் குளிரும், என்ன செய்ய. என்னுடையது ஒன்றைச் சக் இழுத்துச் சுற்றிக்கொண்டது. நல்லவேளை, கழுத்தில் முடிச்சுப் போட்டிருக்கவில்லை.

அலுமினியப் பிஸ்டன் இன்னொரு பாடம். 25 மில்லிமீட்டர் விட்டம். கடைசி வெட்டு முடிந்து அளந்தேன், கச்சிதம். சிலிண்டருக்குள் வெண்ணெய் தடவின மாதிரி இறங்கியது. வெற்றியைக் கொண்டாடச் சாயா குடிக்கப் போனேன். திரும்பி வந்து போட்டால் லொடலொடவென்று ஆடுகிறது. யாரோ மாற்றி வைத்துவிட்டார்கள் என்றே நினைத்தேன். கணக்குப் போட்டால் விஷயம் எளிது: அந்த அளவு அலுமினியம் 40 டிகிரி சூடேறினால் 0.02 மில்லிக்கு மேல் பருக்கும். வெட்டின சூட்டில் அளந்திருக்கிறேன். இப்போதெல்லாம் சாயாவை முதலில் குடித்துவிட்டு அப்புறம் அளக்கிறேன்.

வார்ப்பு வேலையிலும் கை வைத்தேன். ஊர்ப் பெருமை. 1741இல் குளச்சலில் தோற்ற டச்சுப் படையின் டிலனாய், பிறகு மார்த்தாண்ட வர்மாவுக்கே படைத்தளபதியாகி, புலியூர்க்குறிச்சி உதயகிரிக் கோட்டைக்குள் பீரங்கி வார்த்தாரே, அங்கிருந்து எங்கள் வீடு தூரமில்லை. நான் ஒரு ஃப்ளைவீல் வார்த்தேன். மணல் கொஞ்சம் ஈரம் கூடிவிட்டது. உருகிய அலுமினியம் ஈர மணலில் விழுந்தால் ஈரம் அங்கேயே ஆவியாகி வெடிக்கும். என் செருப்பில் மூன்று ஓட்டை. பீரங்கியே வார்த்திருக்கலாம்.

செம்புக் கொதிகலனை ஒட்டுவதுதான் நான் பயந்த வேலை. ஈயப் பற்று ஆவிச் சூட்டுக்கு நிற்காது, வெள்ளிப் பற்றுதான் வேண்டும். எரிவாயு டார்ச்சை வாங்கி வைத்துக்கொண்டு ஒரு மாதம் தோற்றேன். பற்றுக் கம்பி உருகி உருண்டையாகி, தாமரை இலைத் தண்ணீராக ஓடிப்போகும். கடைசியில் வடசேரிக்குப் போனேன். கோயில் நகைக்குப் புவிசார் குறியீடு வாங்கின தெரு இருக்க, நான் டார்ச்சுக் கம்பெனியின் விளக்கத்தாளைப் படித்துக்கொண்டிருந்திருக்கிறேன். ஒரு பெரியாசாரி நான் ஊதுவதை ஐந்து நிமிடம் பார்த்துக்கொண்டிருந்தார். வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சொன்னார்:

"சாரே, நீரு பொடியச் சுடுதீரு. வேலையச் சுடும். வேல பழுத்தா பொடி தன்னால ஓடி வரும்."

அவ்வளவுதான் வித்தை. சூடு எங்கே இருக்கிறதோ அங்கேதான் பற்று, ஆசாரி பாஷையில் பொடி, ஓடும். வெண்காரத்தைக் குழைத்துப் பூசி, செம்பு முழுவதையும் மங்கிய சிவப்புக்குக் கொண்டுவந்து, கம்பியால் லேசாகத் தொட்டால் போதும். இடுக்கு முழுக்க வெள்ளிக்கோடு ஒன்று தானே சுற்றி வரும். முதல்முறை அது ஓடியபோது நான் சத்தம் போட்டுவிட்டேன். பெரியாசாரி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பொடி வைத்துப் பேசுவது என்கிறோமே, அது இந்தப் பொடிதான் என்றும் அவர்தான் சொன்னார். அன்றிலிருந்து என் மனைவி பேசுவது கூடுதலாகப் புரிகிறது. ஒட்டினபின் அழுக்கெடுக்கப் புளித்தண்ணீர். புளி எங்கிருந்து வந்தது என்று சொல்ல வேண்டியதில்லை.

அடுத்த வீட்டு அண்ணாச்சி மகேந்திரகிரியில் ராக்கெட் இன்ஜின் சோதனை நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். என் கொதிகலனைக் கையில் வாங்கி, நெல் பதர் பார்ப்பதுபோலத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சேஃப்டி வால்வு?"

காட்டினேன். பால்பாயிண்ட் பேனாச் சுருள் வைத்தது. அண்ணாச்சி அதைக் கழற்றித் தம் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். வெண்கலக் கம்பியில் சுருள் செய்து வைத்த பிறகுதான் பேச்சே கொடுத்தார். அவர் சொன்னது ஒன்றே ஒன்று: முதல் சோதனைக்கு ஆவியும் வேண்டாம், காற்றும் வேண்டாம், பச்சைத் தண்ணீரை அடைத்து அழுத்து. தண்ணீர் அமுங்காது, ஒட்டு பிளந்தால் சுருக்கென்று ஒழுகி நின்றுவிடும். காற்று அப்படியல்ல, மிதித்து வைத்த சுருள்வில். ஓட்டப்போவது சதுர அங்குலத்துக்கு 30 பவுண்டு அழுத்தத்தில். அதற்கு இரட்டையாக 60 வரை கைப்பம்பால் அழுத்தினேன். ஒரு இடத்தில் வேர்த்தது, திரும்ப ஒட்டினேன். இரண்டாம் தடவை நின்றது. அத்தனை நேரமும் அண்ணாச்சி கிணற்றுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தார்.

"தண்ணிதானே அண்ணாச்சி, ஒண்ணும் ஆகாதுன்னு நீங்கதான சொன்னிய?"

"சொன்னேன். பழக்கம் விடலியே."

இன்ஜின் போன தை மாதம் ஓடியது. ஓடியது என்றால், எட்டுச் சுற்று சுற்றி நின்றது. எனக்கு வருத்தமில்லை, பெரிய துணை ஒன்று உண்டு. 1763இல் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் நியூகோமன் இன்ஜினின் சின்ன மாதிரி ஒன்றைப் பழுது பார்க்க ஜேம்ஸ் வாட்டிடம் கொடுத்தார்கள். அதுவும் சில தடவை மூச்சு வாங்கிவிட்டு நின்றது. பழுது கையில் இல்லை, அளவில். உருவத்தைப் பாதியாகச் சுருக்கினால் சுவரின் பரப்பு கால் பங்காகும், உள்ளே அடங்கும் ஆவியோ அரைக்கால் பங்காகிவிடும். இருக்கிற கொஞ்ச ஆவியும் சிலிண்டர் சுவரைச் சூடாக்கவே செலவாகிப் போகிறது. அந்தப் பொம்மையைக் குடைந்து குடைந்துதான் 1765இல் வாட் தனிக் குளிர்கலனுக்கு வந்து சேர்ந்தார். எனக்கு அவ்வளவு தூரம் போக நேரமில்லை. விளக்குத்திரி நூலைச் சிலிண்டர் முழுக்க நெருக்கிச் சுற்றி, மேலே மெல்லிய தேக்குப் பட்டை வைத்துக் கட்டினேன். திரி நூல் பூஜை அறையிலிருந்துதான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நாலு நிமிடம் ஓடியது. ஃப்ளைவீலின் ஆரங்கள் கண்ணுக்கு மறைந்து, வால்வு டிக்டிக்கென்று அடித்து, முற்றம் முழுக்கச் சூடான எண்ணெய் வாசம். அண்ணாச்சி கிணற்றைச் சுற்றி இந்தப் பக்கம் வந்தே விட்டார். எதிர்வீட்டு அக்காவும் வந்து நின்றார். முழுக்கப் பார்த்து முடித்துவிட்டு, எட்டு வருடத்துக்கு முன்னால் கேட்டதையே கேட்டார்.

"கொள்ளாம். ஆனா இது என்னத்த அரைக்கும்?"

நான் வாயைத் திறக்குமுன் அடுக்களை வாசலிலிருந்து பதில் வந்தது: "சூடம், படிகாரம், பாலு, புளி, எண்ணெ, திரிநூலு. இதுவரைக்கும் அரைச்சது போதாதாக்கா?"

அடுத்தது இரட்டைச் சிலிண்டர். வரைபடம் தயார், பித்தளைதான் கைவசம் இல்லை. வீட்டில் பழைய மண்ணெண்ணெய் ஸ்டவ் கிடந்தால் ஆக்கர் கடையில் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். அதன் பம்புக் குழாய் அச்சு அசலாகச் சிலிண்டர் அளவு. உடைந்த வெண்கல உருளியானாலும் சரி, கடைக்காரர் தரும் விலையைவிட 20 ரூபாய் கூட்டித் தருகிறேன். பகல் பதினொரு மணிக்கு மேல் கொண்டுவாருங்கள். அந்நேரம் அவள் கோயிலுக்குப் போயிருப்பாள்.