தலைக்கு மேலே வலி

மூளையில் ஆபரேஷன் நடக்கும்போது நோயாளி விழித்துக்கொண்டு பேசுகிறாராமே, வலிக்காதா?

எந்த மூலையில் முள் குத்தினாலும் ஊரைக் கூட்டுகிற மூளை, தன்னைக் குத்தினால் மட்டும் கம்மென்று இருக்கும். அதற்கு வலி உணரும் நரம்பே கிடையாது. வலியெல்லாம் தலைத்தோலுக்கும் எலும்பின் உறைக்கும் மூளையைப் போர்த்திய டியூரா சவ்வுக்கும்தான்.

அப்படியானால் மயக்க மருந்து டாக்டருக்கு அங்கே என்ன வேலை?

வாயை மூடாமல் வலியை மூடும் வேலை! புருவம், பொட்டு, காதோரம், பிடரி என்று பக்கத்துக்குப் பொதுவாக ஆறு நரம்புகளைத் தேடி பியூபிவக்கைன் என்ற மரத்துப்போகும் ஊசி போடுவார். தலையை அசையாமல் பிடிக்கும் கிளாம்ப்பின் முனைகள் மண்டையில் இறங்குமுன் இது முடிந்திருக்க வேண்டும். முழு மயக்கத்தில் இருப்பவருக்கும் இந்த ஊசி உண்டு. அவர் கத்தமாட்டார், ஆனால் பி.பி. எகிறும். மூளைக்கு அது ஆபத்து.

சரி, ஆபரேஷன் டேபிளில் அப்படி என்னதான் பேசுவார்கள்?

பேச்சென்ன, கச்சேரியே நடந்திருக்கிறது! 2020-இல் லண்டன் கிங்ஸ் காலேஜ் மருத்துவமனையில் ஒரு பெண்மணி வயலின் வாசிக்க வாசிக்க, டாக்டர்கள் கட்டியை அகற்றினார்கள். இடக்கை விரல்களை ஆட்டுவிக்கும் பகுதியை ஒட்டிய கட்டி அது. 90 சதவீதத்துக்கு மேல் எடுத்தும் இடக்கைக்கு ஒன்றும் ஆகவில்லை.