நாய்க்கு ஜாதகம் பாக்குற காலம்

வாடா மருமகனே. சீசரை அந்தப் பக்கமா கட்டிட்டு வந்து உக்காரு. பயமெல்லாம் இல்லடா. ஊர்ப் பேரையே நாய்க்கு வச்ச ராஜபாளையத்துக்காரன் நான், பயந்தா ஊருக்கு இழுக்கு. சும்மா ஒரு மரியாதைக்குச் சொன்னேன்.

நாங்க தோட்டத்துக்குக் காவல் வேணும்னு நாய் வளத்தோம். நீ ரெண்டாவது மாடியில, ரெண்டு ரூம் வீட்டுல ராட்வீலர் வளக்குற. அது வீட்டுக்குக் காவலா, நீ அதுக்குக் காவலான்னு வந்த நாளா பாக்குறேன், இன்னும் புரியல. "தடை வருது, தடை போவுது, என்ன மாமா செய்ய"ன்னு கேக்குற. எனக்குத் தெரிஞ்ச யோசனையச் சொல்றேன், கேட்டுக்க.

2024 மார்ச்சுல டெல்லிக்காரங்க ஒரு சுற்றறிக்கை விட்டாங்க. 23 வகை நாயை இறக்குமதி பண்ணாத, இனவிருத்தி பண்ணாத, விக்காத. வீட்டுல இருக்கிறதுக்குக் கருத்தடை பண்ணுன்னு. அந்தப் பட்டியலைப் பேரன் வாசிச்சுக் காட்டினான். 'டோசா இனு'ன்னு ஒரு பேரு. கொஞ்சம் தள்ளி 'ஜப்பானிய டோசா'ன்னு இன்னொரு பேரு. ரெண்டும் ஒரே நாய்தானாம்! நம்மூர் வாக்காளர் பட்டியல்லதான் ஒரே ஆளு ரெண்டு தடவை வருவான்னு நெனச்சிருந்தேன், பரவால்ல, நாயும் முன்னேறிடுச்சு. கடைசி வரியில 'பேன் டாக்னு சொல்ற வகை எல்லாமே'ன்னு ஒரு போடு. மொய் நோட்டுல 'மற்றும் பலர்'னு எழுதுற மாதிரி.

ஏப்ரல்ல கர்நாடக ஐகோர்ட்டு அதை ரத்து பண்ணிச்சு, அதே மாசம் டெல்லி ஐகோர்ட்டும் தூக்கிப் போட்டுச்சு. சம்பந்தப்பட்டவங்களை ஒரு வார்த்தை கேக்கலியேங்கிறதுதான் வழக்கு. மே மாசம் நம்ம கால்நடைத் துறையும் அதே மாதிரி ஒரு தடையைப் போட்டுட்டு, போட்ட சூட்டோட திருப்பி வாங்கிக்கிச்சு. கல்யாண வீட்டுல எலையப் போட்டு, சோறு வைக்காம எலைய எடுத்த கதைதான்.

அதனால யோசனை ஒண்ணு: சீசரு ஜாதகத்தை மாத்திரு. 'அப்பன் கோம்பை, ஆத்தா கன்னி'ன்னு எழுதிக்க. சட்டம் சாதிப் பேரைத்தானே தேடுது?

யோசனை ரெண்டு: சீமைக்குக் கூட்டிட்டுப் போயிரு. ராட்வீலருக்கு அங்க தடை இல்ல. ஆனா 1991-லயே பிட்புல்லு மாதிரி நாலு வகைய விலக்கிட்டாங்க. இப்ப எக்ஸ்எல் புல்லியும் சேந்தாச்சு. 2024 பிப்ரவரி 1-லேருந்து விலக்குச் சான்று இல்லாம அதை வச்சிருந்தாக் குத்தம். ஜாதகமெல்லாம் அவன் நம்ப மாட்டான், டேப்பை எடுத்து அளப்பான். ஆண் நாய் தோள் உசரம் 20 அங்குலம் இருந்து, மத்த அங்க அடையாளமும் ஒத்துப்போனா அது புல்லிதான். நம்ம போலீஸ் ஆளெடுப்புல மூச்சை இழுத்து மார்பை விரிப்பானுங்க. அங்க நாயைக் குனிஞ்சு நிக்கப் பழக்கணும் போல.

சரி, வெளையாட்டு போதும். சாதியே கேக்காத சட்டம் ஒண்ணு நம்மகிட்ட பழசுலேருந்தே இருக்கு, தெரியுமா? அப்ப இந்திய தண்டனைச் சட்டம் 289, இப்ப நியாய சன்ஹிதா 291. தன் பிராணியால மத்தவனுக்கு ஆபத்து வராம ஒழுங்கா வச்சுக்கலேன்னா ஆறு மாசம் வரைக்கும் ஜெயிலு, இல்ல 5,000 ரூவா வரைக்கும் அபராதம், இல்ல ரெண்டுமே. அதுல ராட்வீலரும் இல்ல, ராஜபாளையமும் இல்ல. கயித்தோட இந்த முனையில நிக்கிறவன் மட்டும்தான் இருக்கான். அதனாலதானோ என்னவோ அதை யாரும் ஞாபகம் வச்சுக்கிறதில்ல.

2024 மே மாசம் ஆயிரம்விளக்குப் பூங்காவுல காவக்காரர் மகளை ரெண்டு ராட்வீலர் கடிச்சுக் கொதறுச்சே, 5 வயசுப் புள்ள. அன்னைக்கும் ஊரே நாயோட சாதியைத்தான் பேசுச்சு. 2025 டிசம்பர்ல மாநகராட்சி, பிட்புல்லுக்கும் ராட்வீலருக்கும் புது லைசென்சு கிடையாதுன்னுடுச்சு. முன்னாடியே வச்சிருக்கிற உன்னை மாதிரி ஆளு தெருவுல கூட்டிட்டுப் போனா கயிறும் வாய்க்கூடும் கட்டாயம். இதுல என்னடா உனக்கு மானக்கேடு? களத்துல போரடிக்கிற மாட்டுக்கே வாய்க்கூடு போட்ட பரம்பரை நாம. மாடு ஒருநாளும் கோவிச்சுக்கிட்டது கிடையாது.

நேத்து சாயங்காலம் மாடியில நின்னு பாத்துக்கிட்டிருந்தேன். நீ சீசரைக் கூட்டிட்டு கேட்டைத் தாண்டுற. எதிர்த்தாப்புல இஸ்திரி வண்டிக்காரர் மக வந்துச்சு. பைக்கட்டை நெஞ்சோட அணைச்சுக்கிட்டு சாக்கடை ஓரமா ஒதுங்குச்சு. நீ சிரிச்சுக்கிட்டே, "ஒண்ணும் செய்யாது பாப்பா"ன்ன. வாஸ்தவம், நாயி ஒண்ணும் செய்யல. நீயும் ஒண்ணும் செய்யலியேடா மருமகனே. அந்த வாய்க்கூடு உன் கால்சட்டைப் பையிலல்ல தொங்கிக்கிட்டு இருந்துச்சு!