ரெண்டு ஊசி மாப்ள

வா மாப்ளே, குந்து. மவுன்ஜாரோ ஒண்ணு, செமாக்ளூடைடு ஒண்ணுன்னு வாங்கி ஃபிரிட்ஜ்ல மோர்க்கொழம்பு பக்கத்துல வெச்சிருக்கியாமே? ஆர்ச் கேட்டு வரைக்கும் இதான் பேச்சு. தை மாசம் உன் கல்யாண முகூர்த்தத்துக்குள்ள ரெண்டயும் சேத்துப் போட்டு எளைக்கப் போறியாம். கெட்டிக்காரன்தான்!

கூப்புடு தூரத்துல வடலூர்ல வள்ளலார் 1867-ல பசியாத்த அடுப்பு மூட்டுனாரு, இன்னும் அணையல. நீ பசி வராம இருக்க காசு குடுக்குற. அவருக்கு அப்பவே இந்த ஊசி கெடச்சிருந்தா அரிசி மிச்சம்.

ஊசி கதையக் கேளு. சோறு எறங்குனதும் 'போதும்டா'ன்னு மூளைக்குச் சொல்ல கொடல்ல சுரக்கிறது ஜிஎல்பி-1ங்கிற ஹார்மோன். நிமிசத்துல கரைஞ்சிடும். அதே மாதிரி, ஆனா சீக்கிரம் கரையாத சரக்கு அமெரிக்கா பாலைவனத்துல கிலா மான்ஸ்டர்ங்கிற பல்லியோட விசத்துல கெடச்சுது. அத வெச்சு 2005-ல மொத ஊசி வந்துச்சு. தோள்ல பல்லி வுழுந்தாலே பஞ்சாங்கம் தேடுற உங்கம்மாகிட்ட இதச் சொல்லிடாத.

என் பேத்தி பார்மசி படிக்கிறா, அவ ஒப்பிச்சது: செமாக்ளூடைடு ஜிஎல்பி-1 வேலையப் பாக்கும். மவுன்ஜாரோவுல இருக்கிற டிர்செபடைடு அதயும் பாக்கும், ஜிஐபிங்கிற இன்னொரு ஹார்மோன் வேலையயும் பாக்கும். நேருக்கு நேர் மோதவுட்டதுல 72 வாரத்துல செமாக்ளூடைடு 13.7 சதவீதம், டிர்செபடைடு 20.2 சதவீதம் எடைய எறக்குச்சு. ஒடனே ரெண்டயும் கூட்டி 34-ன்னு கணக்குப் போடுவ, தெரியும்! அது துரியோதனன் வேசத்த ரெண்டு பேரு கட்டிக்கிட்டு ஒரே கூத்துல எறங்குன கத. வாந்தியும் மலச்சிக்கலும்தான் ஜோடி போட்டு வரும். பித்தப்பையில கல்லு, கணையத்துல வீக்கம்னு வில்லங்கமும் இருக்கு. வேற ஜிஎல்பி-1 மருந்தோட சேக்காதேன்னு அமெரிக்காக்காரன் வெகோவிங்கிற செமாக்ளூடைடு ஊசியோட சீட்டுலயே அச்சடிச்சிருக்கான். நம்ம நாட்டுல 2026 மார்ச்சுல காப்புரிமை முடிஞ்சு செமாக்ளூடைடு வெல எறங்குச்சுன்னா, கூடுதலா ஒண்ணு வாங்கிக் குத்திக்கிறதா?

சேக்கத் தெரிஞ்சவன் சேக்குறான்டா. அமிலின்னு வேற ஒரு ஹார்மோன். அது கணக்கா கேக்ரிலின்டைடு செஞ்சு, செமாக்ளூடைடோட சேத்து ஆயிரக்கணக்கான பேருக்கு 68 வாரம் போட்டுப் பாத்தான். நீ மோர்க்கொழம்பு பக்கத்துல லேப் நடத்துற.

முகூர்த்தம் முடிஞ்சா நிறுத்திடுவேன்னியாமே? செமாக்ளூடைட நிறுத்துனவங்களுக்கு ஒரு வருசத்துல, கொறஞ்சதுல மூணுல ரெண்டு பங்கு திரும்பிடுச்சு. தலதீபாவளிக்கு மாமியார் எடுத்த சட்டையில பட்டன் மாட்டாது, பாத்துக்க. ஊசியில எளைச்சா கொழுப்போட சதையும் கரையும். முட்ட, பருப்பு துன்னணும், ஒடம்ப வளைக்கணும். நாளைக்கே ரெண்டயும் தூக்கிக்கிட்டு டாக்டரப் பாரு. எது வேணும், மொதல்ல வேணுமாங்கிறத அவரு சொல்லட்டும்.

சரி, அந்தப் பண்ருட்டிப் பலாச்சுளத் தட்ட இப்பிடித் தள்ளு. உனக்குத்தான் பசிக்காதே.