மோடம் சார்

தொண்ணூறுகளின் கடைசியில் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் முளைத்த உதிரிபாகக் கம்பெனிகள் ஒவ்வொன்றிலும் ஒரு மோடம் சார் இருந்தார். விசிட்டிங் கார்டில் 'டிசைன்' என்றோ 'சிஸ்டம்ஸ்' என்றோ போட்டிருக்கும். உண்மையான உத்தியோகம், டிராயிங்கை மெயிலில் அனுப்புவது.

1996இல் ஹூண்டாய் வந்தது. 1998இல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து சான்ட்ரோ கார் வெளியே வந்தது. பிராக்கெட் அடிப்பவர், ரப்பர் வார்ப்பவர் எல்லோருக்கும் டிராயிங் வரவும் போகவும் வேண்டியிருந்தது. அரசு நிறுவனமான வி.எஸ்.என்.எல். 1995 ஆகஸ்ட் 15 அன்றே பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்துவிட்டிருந்தது. ஆனால் பாஸ்வேர்டு மோடம் சாருக்கு மட்டும்தான் தெரியும். முதலாளி கேட்டால், "அது அடிக்கடி மாறும் சார்" என்பார்.

போன் லைனில்தான் இணையமும் வர வேண்டும் என்பதால், மோடத்தில் டயல் செய்யுமுன் ஆபீசை ஒரு சுற்று வருவார். "யாரும் போனை எடுக்காதீங்க, ஃபைல் போவுது." ஸ்டோர்ஸில் இருக்கும் பேரலல் போன்தான் அவருடைய ஜென்ம விரோதி. முக்கால்வாசி போன நேரத்தில் அங்கே எவராவது ரிசீவரைத் தூக்கினால் லைன் அறுந்தது, மறுபடி முதலிலிருந்து. தூக்கியது ஹெல்பர் என்றால் அவன் பரம்பரையே விசாரிக்கப்படும். முதலாளி என்றால், "மழை வர்ற மாதிரி இருக்குல்ல சார், லைன் டல்லு."

ஆனால் மனிதர் தொழிலில் கெட்டி. மின்னஞ்சல் பிறந்தபோது அதற்கு ஆங்கில எழுத்தைத் தவிர வேறெதையும் சுமக்கத் தெரியாது. படமோ டிராயிங்கோ எழுத்து வேஷம் கட்டிக்கொண்டுதான் போயாக வேண்டும். அந்த வேஷத்தைக் கட்டிவிட 1980இல் பெர்க்லியில் மேரி ஆன் ஹார்ட்டன் எழுதியது யூயூஎன்கோட். 1992இல் நதானியல் போரன்ஸ்டீனும் நெட் ஃப்ரீடும் மைம் என்ற முறையைக் கொண்டுவந்த பிறகு வேஷம் கட்டும் வேலையை மெயில் சாஃப்ட்வேரே பார்த்துக்கொண்டது. போரன்ஸ்டீன் முதலில் அனுப்பிப் பார்த்தது தன் பாட்டுக்குழுவின் படத்தையும் பாட்டையும். மோடம் சாருக்குத் தெரிந்திருந்தால், லைனை வீணடித்தான் என்று திட்டியிருப்பார்.

இந்த வேஷத்தில் மூன்று பைட் நான்கு எழுத்தாகிவிடும். "ஒன்றரை எம்.பி. ஃபைல் எப்படிய்யா ரெண்டு எம்.பி. ஆச்சு?" என்றார் முதலாளி. "பேக்கிங் சார்." உதிரிபாகம் விற்கிறவருக்கு அது உடனே புரிந்தது; அதற்கு மேல் கேட்கவில்லை.

எதிர்ப்பக்கத்துக் கம்ப்யூட்டருக்கு வேஷம் கலைக்கத் தெரியாவிட்டால்தான் வேடிக்கை. யூயூஎன்கோட் வேஷமென்றால் ஏறக்குறைய எல்லா வரியும் 'எம்' என்று தொடங்கி, பக்கம் பக்கமாகக் கிறுக்கல். ஒரு பர்ச்சேஸ் மேனேஜர் அதைக் கொரியாவிலிருந்து வந்த முக்கியமான கடிதம் என்று நம்பி, டாட் மேட்ரிக்ஸில் கடைசி வரி வரை அடித்து, பஞ்ச் பண்ணிக் கோத்து, பீரோவில் பூட்டி வைத்தார். ஆடிட்டில் யாரும் குறை சொல்லவில்லை.

மெயில் போனதும் மோடம் சார் போன் போடுவார். மூன்று கேள்வி: "வந்துச்சா? தொறந்துச்சா? தெரியுதா?" மூன்றுக்கும் ஆமாம் என்றாலும் நம்பமாட்டார். ஒரு ஃபேக்ஸ். அதற்கும் மேல், இரண்டு ஃப்ளாப்பியில் ஒரே டிராயிங்கைப் போட்டு (ஒன்று கட்டாயம் ரீட் ஆகாது) பையனை அம்பத்தூருக்குப் பஸ் ஏற்றுவார். பூந்தமல்லியில் இறங்கி டீ குடித்துவிட்டுப் போனாலும் பல நாள் பையன்தான் மெயிலை முந்தினான்.

2010இல் ரெனோ-நிசான் ஆலை திறந்தபோது சார் ஒரகடத்துக்கு மாறிவிட்டார். இப்போது எல்லாம் வாட்ஸ்அப். டிராயிங்கை அனுப்புகிறார், இரண்டு நீல டிக் விழுகிறது. உடனே போன்: "வந்துச்சா? தொறந்துச்சா?" சமாதானமாகாமல் பென் டிரைவோடு பையனை அனுப்பினார். பெரிய கம்பெனி கேட்டில் செக்யூரிட்டி பென் டிரைவை வாங்கி வைத்துக்கொண்டு, பையனின் போன் கேமராவில் ஸ்டிக்கர் ஒட்டி உள்ளே விட்டார். அடுத்த நாளிலிருந்து சார் ஏ3 தாளில் பிரின்ட் எடுத்துக் கொடுத்தனுப்புகிறார். அதை வாங்கிக்கொள்ளும் இன்ஜினியர், போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அவருக்கே அனுப்பிக் கேட்கிறார்: "சார், இதானே?"