ஏரியா? சென்னையில் வாடகைக்குப் பேட்டை தேர்தல் பற்றிய நீரியல் ஆய்வு

சென்னைக்கு மாற்றலாகி வரும் குடும்பங்கள் வாடகைக்குப் பேட்டை தேரும்போது அலுவலகம், பள்ளி, காய்கறிக் கடை, மெட்ரோ நிலையம் ஆகியவற்றின் தொலைவையே கருதுகின்றன என்பதும், புரோக்கர்கள் அவை அனைத்தையும் ‘நடக்கிற தூரம்’ என்னும் ஒரே அலகால் அளந்து தருகின்றனர் என்பதும் பலரும் அறிந்தவை. வீடு காலியாகக் கிடந்த மாதங்களுக்கேற்ப நீண்டு கொடுப்பது இவ்வலகின் இயல்பு. எனினும் முதன்மையாகக் கருதத்தக்கது நீர் ஒன்றே என்பது இவ்வாய்வின் துணிபு.

இந்நகரின் கணிசமான பகுதி ஏரிகளின்மேல் குடியேறியதாகும். தியாகராய நகர் 1920களில் மாம்பலம் ஏரியைத் தூர்த்து எழுப்பப்பட்டது. நுங்கம்பாக்கம் ஏரி கிடந்த இடத்தில் 1976இல் திறக்கப்பட்ட வள்ளுவர் கோட்டம் நிற்கிறது. மேற்கு மாம்பலத்து லேக் வியூ சாலையிலோ எவ்வளவு எக்கிப் பார்த்தாலும் ஏரி எதுவும் தென்படாது. ஏரி போயினும் பள்ளம் போகவில்லை.

இங்கிருந்தே ‘வற்றாமை விதி’ பிறக்கிறது. வீடு தேடும் படலம் பெரும்பாலும் பள்ளித் தேர்வுகள் முடிந்த பின், ஏப்ரல், மே மாதங்களில் நிகழ்வதால், பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஆகிய ஏரிகள் வறண்ட 2019ஆம் ஆண்டுக் கோடையை மறவாத குடும்பத் தலைவி முதலில் கேட்பது தண்ணீரைப் பற்றியே. “நம்ம வீட்டு போர்ல தண்ணி வத்துனதே இல்லைம்மா” என்று வீட்டுக்காரர் உரைக்கும் மறுமொழி பெரும்பாலும் உண்மையானது. உண்மையானதாக இருப்பதே அதன் ஆபத்து. தாழ்வான நிலத்தில் நிலத்தடி நீர் மேலேயே நிற்கும் என்பதால், மே மாதத்தில் குழாயில் குன்றாது வரும் நீர் டிசம்பரில் வாசல் வழியாகவும் வரும் என்பது இவ்விதியின் சாரம். 2015 டிசம்பரில் முடிச்சூரிலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது பள்ளிக்கரணையிலும் இது மெய்ப்பிக்கப்பட்டது.

ஆதலால் வீடு காணச் செல்வோர், சமையலறை மேடையைத் தட்டிப் பார்ப்பதினும் சுற்றுச்சுவரைக் கூர்ந்து நோக்குவது நலம். சுவரின் மேற்பாதி பழம்பூச்சோடு இருக்க, கீழே இடுப்பளவுக்கு மட்டும் புத்தம்புதிதாகப் பெயின்ட் அடிக்கப்பட்டிருப்பின், அவ்வெல்லைக்கோடு அழகியல் நோக்கில் இடப்பட்டதன்று. மின் மீட்டர் பெட்டி எட்டா உயரத்தில் மாட்டப்பட்டிருப்பதும், தெருமுனை இஸ்திரிக்காரர் வண்டியின் காலுக்கடியில் நிரந்தரமாகச் செங்கல் அடுக்கப்பட்டிருப்பதும் துணைச் சான்றுகள். வேளச்சேரியைப் பொறுத்தவரை, 2024 அக்டோபரில் கனமழை எச்சரிக்கை வந்தவுடன் மக்கள் தம் கார்களை மேம்பாலத்தில் வரிசையாக நிறுத்தி வைத்தமையால், மேம்பாலமும் நடக்கிற தூரத்தில் உள்ளதா என வினவுதல் முறையாகும். புரோக்கர்கள் இதனை இன்னும் தம் விளம்பரங்களில் சேர்க்காதது வியப்புக்குரியது.

இத்தனைக்குப் பின்னும் குடும்பங்கள் ஏன் அப்பேட்டையை நீங்குவதில்லை என்ற வினாவுக்கு விடை நாட்காட்டியில் உள்ளது. வெள்ளம் வடிந்து மெத்தை காய்வதற்குள் மார்கழி பிறந்துவிடும். மார்கழியில் வீடு மாறும் வழக்கமில்லை. தை பிறந்தாலோ பிள்ளைகளின் ஆண்டுத் தேர்வு குறுக்கிடும். அதற்குமேல் அட்வான்ஸ் உள்ளது. அதாவது, 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் மூன்று மாத வாடகையைப் பொது வரம்பாகக் கூறியிருப்பினும், சென்னை வழக்கப்படி பத்து மாத வாடகை வரை முன்கூட்டியே வாங்கப்பட்டு, அடுத்த குடித்தனக்காரர் கொடுத்த பின்னரே திருப்பித் தரப்படும் தொகை. அடுத்த குடித்தனக்காரரோ தரை உலர்ந்த மே மாதத்தில்தான் வருவார். அம்மாதத்தில் பக்கத்துத் தெருவினர் குடங்களோடு லாரிக்குக் காத்து நிற்க, இவ்வீட்டுக் குழாயில் மட்டும் தண்ணீர் கொட்டும். குடும்பம் இன்னுமொரு பதினொரு மாதத்துக்கு ஒப்பந்தத்தைப் புதுப்பித்துக்கொள்ளும்.