சென்சார் என்ன பாவம் செஞ்சுச்சு?

வா மாப்ளே, உக்காரு. மாருதி 800 வண்டியைக் கம்பெனிக்காரனே 2014-ல செய்யறத நிறுத்திட்டான். நீ மட்டும் அதுக்கு மாசாமாசம் மொய் வச்சுக்கிட்டிருக்கியாமே!

கரும்புகை வருது, பெட்ரோலைக் குடிக்குது, சூட்டோட நிறுத்தினா மறுபடி ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்குது. ஸ்கேனர்ல கூலன்ட் சென்சார்னு வந்துச்சாம், உடனே புதுசு வாங்கி மாட்டிட்டே. அப்புறம் பெட்ரோல் சாஸ்தியா எரியுதுன்னு உள்ளதைச் சொன்ன ஆக்சிஜன் சென்சாரையும் கழட்டி எறிஞ்சே. எய்தவன் இருக்க அம்பை நோவானேன்னு சும்மாவா சொன்னாக! ஸ்கேனர் சொல்றது எந்த ஒயர்ப் பாதையில கோளாறுங்கிறத. எந்தச் சாமானை மாத்தணும்னு அது சொல்லல, கடைக்காரன் சொன்னான்.

அந்தக் கூலன்ட் சென்சாருக்கு ரெண்டே ஒயரு. இன்ஜின் குளுந்து கிடந்தா ரெண்டாயிரம் ஓமுக்கு மேல காட்டும், கொதிக்கக் கொதிக்க முந்நூறு பக்கம் இறங்கும். ஒயரை மாட்டுற கப்ளர்ல களிம்பு ஏறினா அந்த ஓமும் இதோட சேந்துரும். சித்திரை வெயில்ல இன்ஜின் வேகுது, அதை ஓட்டுற கம்ப்யூட்டரு மட்டும் கொடைக்கானல்ல கம்பளி தேடுது. குளுருதேன்னு பெட்ரோலை ஊத்தாம என்ன செய்யும்?

அதனால முதல்ல கப்ளரைக் கழட்டிப் பாரு. பின்னுல பச்சை பூத்திருக்கா, எலி ஒயரைச் சுவைச்சிருக்கா, இன்ஜின் ஓடும்போது ஒயரை மெள்ள ஆட்டினா சத்தம் மாறுதா? அடுத்தது எர்த்து. மல்டிமீட்டர் முள்ளு ஒண்ணைப் பேட்டரி மைனஸ்லயும் இன்னொண்ணை இன்ஜின் இரும்புலயும் வச்சுக்கிட்டு, ஆள விட்டு ஸ்டார்ட் அடிக்கச் சொல்லு. அரை வோல்ட்டுக்கு மேல காட்டினா எர்த் ஒயரு சரியில்ல. பேட்டரி மைனஸைக் கழட்டிட்டு, எர்த் போல்ட்டைப் பிரிச்சு உப்புத்தாள் போட்டுத் தேச்சு இறுக்கு. செலவு, உப்புத்தாள் விலைதான். பல்பு வச்ச டெஸ்டரைக் கொண்டுபோய்க் கம்ப்யூட்டர் ஒயர்ல குத்திராதே. சென்சார் காசு போனது பத்தாதுன்னு கம்ப்யூட்டருக்கும் அழணும்.

இத்தனையும் சரியா இருந்து, அப்பவும் சென்சார்தான் தப்பா அளவு காட்டுதுன்னா வாங்கு, நான் குறுக்க நிக்கல. ஆனா ஒண்ணு, கழட்டின பழைய கூலன்ட் சென்சாரை இரும்புக் கடைக்குப் போட்றாதே. வெந்நியில முக்கி ஓம் வச்சுப் பாரு. அது நல்லாத்தான் இருக்கும். இருந்தா அதை உன் பொண்டாட்டிக்கு மட்டும் சொல்லிராதே மாப்ளே.